எந்தக் கூட்டத்தை எண்ணுவது? மலையகப் பாடசாலை ஒன்றின் வானியல் ஆய்வுக்கு நான்கு வழிகள்

இந்த வருடம் எங்கள் பாடசாலை வானியல் கழகத்துக்கு ஓர் ஆய்வுக்கு மட்டும்தான் காலம் இருக்கிறது. பிள்ளைகள் எல்லாரும் உயர்தரம் கணிதப் பிரிவு. சனியும் ஞாயிறும் டியூசன் வகுப்பில் போய்விடும். மிஞ்சுவது சில வெள்ளி மாலைகளும் போயா விடுமுறைகளும். போயா இரவில் முழுநிலா, வானம் பார்க்க உதவாது. ஆனால் அன்று பகலில் கணினி அறைச் சாவியை அதிபர் தருகிறார். இந்த நேரத்துக்குள் முடியக்கூடிய, முடிந்தபின் "இது நாங்களே கண்டது" என்று பிள்ளைகள் சொல்லக்கூடிய ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும்.

தலைப்பில் குழப்பம் இல்லை. விண்பொருள்களில் ஒரு கூட்டத்தை எடுத்து, அதில் மிகப் பிரகாசமானவை எத்தனை, நடுத்தரம் எத்தனை, மங்கலானவை எத்தனை என்று கணக்கெடுப்பது. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூளைச் சலித்து, பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ என்று எழுதுவதைப் போன்ற வேலை. வானியலில் இதற்கு ஒளிர்வுச் சார்பு என்று பெயர். குறிப்பிட்ட கனவளவு வெளிக்குள் ஒவ்வொரு பிரகாச அளவிலும் எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்று காட்டும் வளைகோடு அது. 1955இல் எட்வின் சால்பீட்டர் சூரியனுக்கு அருகிலுள்ள விண்மீன்களின் ஒளிர்வுச் சார்பை வைத்துத்தான், விண்மீன்கள் பிறக்கும்போது எந்தத் திணிவில் எத்தனை பிறக்கின்றன என்ற கணக்கைப் போட்டார். இன்றுவரை அந்தக் கணக்கை யாரும் விட்டுவிடவில்லை.

எந்தக் கூட்டத்தை எடுப்பது என்பதில்தான் மாதக்கணக்காகப் பேச்சு. நான்கு யோசனைகள் வந்தன: எரிநட்சத்திரங்கள், கார்த்திகைக் கொத்து, தூரத்துப் பேரடைகள், சூரியனின் அயலிலுள்ள விண்மீன்கள். அட்டன், தலவாக்கலை, அப்புத்தளை, பதுளைப் பக்கம் வேறு ஆசிரியர்களுக்கும் இதே கேள்வி வரலாம் என்பதால், நாங்கள் எடைபோட்டுப் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் அளவுகோல். ஒளிப்பருமன் என்ற எண் கூடக் கூடப் பொருள் மங்கல். 5 பருமன் வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் 100 மடங்கு. ஒரு பருமனுக்கு ஏறத்தாழ 2.512 மடங்கு. இதை 1856இல் வகுத்தவர் நோர்மன் பொக்சன். பின்னர் 1861இல் சென்னை வானாய்வகத்துக்கு வந்து, 1891இல் இறக்கும்வரை அங்கேயே வேலை செய்தார். கண்ணுக்குத் தெரிவது தோற்ற ஒளிப்பருமன். அதே பொருளை 10 பார்செக், அதாவது ஏறத்தாழ 32.6 ஒளியாண்டு தூரத்தில் வைத்துப் பார்த்தால் கிடைப்பது தனி ஒளிப்பருமன். சூரியனுக்கு அது 4.83. ஒளிர்வுச் சார்புக்குத் தேவை இந்தத் தனி ஒளிப்பருமன்தான். ஆகவே தூரம் தெரியாத பொருளை வைத்து எதுவும் செய்ய முடியாது.

விளக்கு எண்ணிய மாலை

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு மாலையைச் சொல்ல வேண்டும். எங்கள் தெரிவை உண்மையில் முடிவுசெய்தது அதுதான்.

பாடசாலைக்குப் பின்னால் உள்ள தேயிலை மேட்டில் பிள்ளைகளை நிறுத்தி, எதிர்மலையில் தெரிகிற விளக்குகளை எண்ணச் சொன்னேன். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டோர் முற்றத்துப் பெரிய விளக்குகள், கோயில் கோபுர விளக்கு, பங்களா வாசல் விளக்கு எல்லாம் கொப்பியில் ஏறின. கிட்டத்தில் உள்ள லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், இஸ்தோப்பு (முன் திண்ணை) பல்புகளும் ஏறின. எண்ணி முடித்து வலையுருவரையம் வரைந்தால், உலகத்தில் பாதிக்கு மேல் பெரிய விளக்குகள்தான் என்பதுபோல் வந்தது. எதிர்மலையில் வீடுள்ள ஒரு பிள்ளை கொப்பியை மூடாமல் நின்றாள். "சேர், எங்க லயத்துல இருபது வீடு. இருபது வீட்டுலயும் இப்ப லைட் எரியும். இங்கருந்து பார்த்தா ஒண்ணுகூட தெரியல. ஸ்டோர் லைட் மட்டுந்தான் தெரியுது."

வானத்தை எண்ணுகிறவர்கள் எல்லாரும் விழுகிற குழி இது. சுவீடன் நாட்டு வானியலாளர் குன்னார் மால்ம்குவிஸ்ட் 1920களில் இதைக் கணிதமாக எழுதினார். அவர் பெயராலேயே மால்ம்குவிஸ்ட் சாய்வு என்கிறார்கள். பிரகாசமானது தூரத்திலிருந்தும் தெரியும், மங்கலானது கிட்டத்தில் இருந்தால்தான் தெரியும். தெரிந்ததை மட்டும் எண்ணினால் பிரகாசமானவை அளவுக்கு மீறி நிறைந்துவிடும்.

அதற்கான மருந்தையும் அந்த மேட்டிலேயே போட்டுப் பார்த்தோம். பெரிய விளக்கு 2 கிலோமீற்றர் வரை தெரிகிறது, பல்பு 500 மீற்றர் வரைதான் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். தூரத்தில் 4 மடங்கு, பரப்பளவில் 16 மடங்கு. ஆகவே எண்ணிக்கையில் வந்த ஒவ்வொரு பல்பையும் 16 பல்பாகக் கணக்கில் எடுத்தால் நியாயம் கிடைக்கும். வெளியில் பரப்பு இல்லை, கனவளவு. 4 மடங்கு தூரம் என்றால் 64 மடங்கு கனவளவு. ஒவ்வொரு பொருளும் எவ்வளவு கனவளவுக்குள் இருந்தால் நம் பட்டியலில் ஏறியிருக்கும் என்று கண்டு, அதன் தலைகீழை அதற்குரிய நிறையாகக் கொடுப்பது. மார்ட்டன் ஷ்மிட் 1968இல் குவாசர்கள் என்ற மிகத் தொலைவான, மிகப் பிரகாசமான பொருள்களுக்கு இந்த உச்சக் கனவளவு முறையைக் கையாண்டார். இன்றும் முதலில் கையில் எடுக்கிற கருவி இதுதான்.

விண்மீன்களில் இந்தச் சாய்வு எவ்வளவு கொடியது என்பதைப் பிள்ளைகள் மடக்கையோடு போட்டுப் பார்த்தார்கள். வெறுங்கண்ணுக்கு எல்லை 6ஆம் பருமன் என்று வைத்தால், சூரியனைப் போன்ற விண்மீன் ஏறத்தாழ 17 பார்செக் வரைதான் தெரியும். திருவாதிரையின் தனி ஒளிப்பருமன் ஏறத்தாழ −6. இடையில் தூசு மறைக்கவில்லை என்றால் அது 2,500 பார்செக்கிலிருந்தும் தெரியும். கனவளவில் இது 30 இலட்சம் மடங்குக்கு மேல். மறுபக்கம், சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனாகிய புரொக்சிமா சென்டாரி ஒரு செங்குறளி, அதாவது சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன். தனி ஒளிப்பருமன் ஏறத்தாழ 15.5. கால் ஒளியாண்டு, அரை ஒளியாண்டு தூரத்துக்குள் வந்தால்தான் அது வெறுங்கண்ணுக்குப் படும். இருப்பதோ 4.2 ஒளியாண்டில். வெறுங்கண்ணுக்குத் தெரிகிற செங்குறளி வானத்தில் ஒன்றுகூட இல்லை.

அந்த மாலைக்குப் பிறகு என் ஒப்பீட்டுக் கேள்வி மாறிவிட்டது. எது அழகு, எது புதுமை என்று கேட்பதை விட்டேன். எந்த வழியில் போனால், நாம் தவறவிட்டது எவ்வளவு என்று பிள்ளைகளால் கணக்குக் காட்ட முடியும்? நான்கு வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கிறேன்.

எரிநட்சத்திரம்

இதற்குச் செலவே இல்லை. பாய், போர்வை, கொப்பி போதும். ஒவ்வொன்றும் விழும்போது அதன் பருமனை அருகிலுள்ள விண்மீனோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். ஒரு பருமன் மங்கும்போது எண்ணிக்கை எத்தனை மடங்கு கூடுகிறது என்ற ஒரே எண்ணில் முடிவு வந்துவிடும். ஜெமினிட் பொழிவுக்கு அது ஏறத்தாழ 2.5. ஆனால் ஜெமினிட் உச்சம் டிசம்பர் 13, 14இல். வடகீழ்ப் பருவக்காற்றில் எங்கள் மலைகளுக்கு வானம் இருக்காது. அட்டைக்கடியோடு திரும்பி வருவதுதான் மிச்சம். வானம் திறந்தாலும் மங்கலானவற்றைக் கண் தவறவிடும் விகிதம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சர்வதேச எரிகல் அமைப்பு அதற்குத் திருத்தக் கணக்கு வைத்திருந்தாலும், முதல்முறை வானம் பார்க்கிற பிள்ளைக்கு அது பொருந்துமா என்று சோதிக்க ஓர் இரவு போதாது. ஒரு அனுபவமாக நல்லது. ஆய்வாக இதை நான் எடுக்கமாட்டேன்.

கார்த்திகை

மனதால் நான் நின்றது இங்கேதான். மலையகத் தோட்டங்களில் முருகன் கோயில்கள் பல. கார்த்திகை விளக்கீட்டுக்கு வரிசையாக அகல் வைத்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, அந்தப் பெயருக்குரிய ஆறு மீன்களை அளந்து பார் என்று சொல்வதில் ஒரு நிறைவு உண்டு. காலமும் தோது. தை, மாசியில் முன்னிரவில் கொத்து உச்சியில் நிற்கும். நுவரெலியாப் பக்கம் வருடத்தில் மழை குறைந்த மாதங்களும் அவைதான்.

கணிதத்திலும் கொத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு. அதிலுள்ள விண்மீன்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கின்றன. ஆகவே தோற்றத்தில் மங்கல் என்றால் உண்மையிலும் மங்கல். மால்ம்குவிஸ்ட் சாய்வு கொத்துக்குள் நுழைவதில்லை. தூரம் பிழைத்தாலும் வளைகோட்டின் வடிவம் கெடாது, முழுதாக ஒரு பக்கம் நகரும், அவ்வளவுதான். இதற்கு வரலாற்றிலேயே உதாரணம் இருக்கிறது. ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் கார்த்திகைக்கு ஏறத்தாழ 120 பார்செக் என்று தூரம் சொன்னது. மற்ற முறைகள் அதை ஏற்கவில்லை. பல வருட வாதத்துக்குப் பிறகு கேயா விண்கலம் ஏறத்தாழ 136 பார்செக் என்று தீர்த்துவைத்தது. பருமனில் அந்த வித்தியாசம் 0.27 மட்டுமே.

சென்ற மாசியில் செய்தும் பார்த்தோம். பட்டணத்தில் கல்யாணப் படம் எடுக்கும் ஒரு தம்பியிடம் கமராவும் 50 மில்லிமீற்றர் லென்சும் இரவல். வானம் சுற்றுவதால் ஒரு படத்துக்கு 6 செக்கனுக்கு மேல் திறந்துவைக்க முடியாது, விண்மீன் கோடாகிவிடும். ஆகவே 80 படம் எடுத்து, சிரில் என்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். பாதிக்கு மேல் வீணாயிற்று. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு லென்சில் பனி படர்ந்ததை நான் கவனிக்கவில்லை. திரையில் பார்க்கும்போது ஒவ்வொரு விண்மீனைச் சுற்றியும் பால் சிந்தினாற்போல் ஒரு வளையம். சரியாக வந்த படங்களில் ஏறத்தாழ 10ஆம் பருமன் வரை எண்ண முடிந்தது.

அங்கேதான் கணக்கு கையை விரித்தது. சூரியனைக் கார்த்திகையின் தூரத்தில் வைத்தால் அதன் தோற்ற ஒளிப்பருமன் 10.5. எங்கள் படத்தில் சூரியனைப் போன்ற விண்மீனே விழாது. கொத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை சூரியனைவிட மங்கல். நாங்கள் எண்ணியது உச்சியிலிருந்த சிலவற்றை மட்டும்.

மற்றது, படத்தில் விழுந்ததெல்லாம் கொத்தைச் சேர்ந்ததா என்ற கேள்வி. முன்னாலும் பின்னாலும் நிற்கும் அந்நிய விண்மீன்கள் கலந்திருக்கும். பக்கத்தில் உரோகிணியைப் பாருங்கள். ஹயடிஸ் கொத்தின் நடுவில் சிவப்பாக ஒளிர்ந்தாலும் அது அந்தக் கொத்தின் பிள்ளை இல்லை. கொத்து ஏறத்தாழ 47 பார்செக்கில் இருக்கிறது, உரோகிணி ஏறத்தாழ 20 பார்செக்கில். கண் இதைச் சொல்லாது. கொத்துக்கு வெளியே அதே அளவு வட்டம் ஒன்றைப் போட்டு, அதில் வரும் எண்ணிக்கையைக் கழிப்பது ஒரு வழி. நாங்கள் அதைத்தான் செய்தோம். மங்கலான பருமன் பெட்டிகளில் கழிக்கவேண்டிய எண்ணும் கழித்தபின் மிஞ்சிய எண்ணும் அருகருகே வந்துவிட்டன. அந்த நிலையில் மிஞ்சியதை நம்புவதற்கில்லை.

கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தின் 45 சென்டிமீற்றர் தொலைநோக்கியில் ஓர் இரவு கேட்டுப் பார்க்கலாம் என்றும் பேசினோம். ஆனால் இங்கிருந்து கொழும்புப் பக்கம் போய், அன்று முகில் மூடினால் ஆய்வு அத்தோடு முடிந்தது.

பேரடைகள்

பேரடைகள், நாம் வாயால் சொல்கிற கலக்சிகள். ஒளிர்வுச் சார்பு என்றால் உலகம் முழுவதும் முதலில் நினைப்பது இவற்றைத்தான். 1976இல் போல் ஷெக்டர் கொடுத்த வடிவம் பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது: மங்கலான பக்கம் மெல்ல ஏறும் கோடு, பிரகாசமான பக்கம் செங்குத்தாக விழும் சரிவு, நடுவில் ஒரு முழங்கை. நமது பால்வழி அந்த முழங்கைக்கு அருகில் இருக்கிறது. நியூமெக்சிகோவில் 2.5 மீற்றர் தொலைநோக்கியோடு நடந்த ஸ்லோன் அளவாய்வின் தரவுகள் முழுவதும் இலவசம். 2003இல் அதிலிருந்து 1,47,986 பேரடைகளை வைத்து ஒரு குழு ஒளிர்வுச் சார்பை வெளியிட்டது.

தவறவிட்டது எவ்வளவு என்ற கேள்விக்கு இங்கே பதில் மிக நேர்த்தியாக இருக்கிறது. எந்தப் பருமனோடு பட்டியல் நிற்கிறது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்: சிவப்புப் பட்டையில் 17.77. உச்சக் கனவளவு முறையை அப்படியே பொருத்தலாம். ஆனால் அந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பொருள்கள் வெளி முழுதும் சீராகப் பரவியிருக்க வேண்டும். பேரடைகள் அப்படி இல்லை, லயங்களைப்போல் கூட்டம் கூட்டமாக இருக்கும். நீங்கள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் தற்செயலாக ஒரு லயம் இருந்தால், மங்கலான பல்புகள் உள்ளதைவிட அதிகமாகத் தோன்றும். அதன் மேல் 16 ஆல் வேறு பெருக்குகிறீர்கள். இதைத் தவிர்க்க 1979இல் சன்டேஜ், தம்மான், யாகில் மூவரும் வேறு மாதிரிக் கேட்டார்கள்: இந்தத் தூரத்தில் தெரியக்கூடிய பேரடைகளுக்குள், இது இவ்வளவு பிரகாசமாக இருப்பதற்கு நிகழ்தகவு என்ன? அப்படிக் கேட்டால் அந்த இடத்தில் கூட்டம் அடர்த்தியா ஐதா என்பது கணக்கிலிருந்து கழிந்துபோகிறது. இதை விளங்கிக்கொண்ட நாளில் எனக்கு இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு அழகான யோசனை.

அழகு இருந்தும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த வருடம் இது வேண்டாம் என்றே நினைக்கிறேன். தூரம் செம்பெயர்ச்சியிலிருந்து, அதாவது விலகிப்போகும் பேரடையின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதிலிருந்து, வர வேண்டும். டொப்ளர் விளைவு உயர்தரத்தில் இருக்கிறது, அதுவரை சரி. அதற்குப் பிறகு பிரபஞ்ச விரிவு, செம்பெயர்ச்சியால் நிறப்பட்டை நகர்வதற்கான திருத்தம், மிகைநிகழ்தகவுக் கணிப்பு என்று ஒவ்வொரு படியிலும் "இதை இப்போதைக்கு நம்புங்கள்" என்று நான் சொல்ல வேண்டிவரும். மூன்று முறைக்கு மேல் அப்படிச் சொன்னால் ஆய்வு என்னுடையதாகிவிடும், பிள்ளைகளுடையதாக இருக்காது. பேராதனையிலோ கொழும்பிலோ பௌதிகம் படிக்கும் மாணவர் ஒருவருக்கு இதையே முதல் தெரிவாகச் சொல்வேன்.

அயல் விண்மீன்கள்

நான்காவது வழி, சூரியனைச் சுற்றி ஒரு கோளத்தை மனதால் போட்டு, அதற்குள் இருக்கும் விண்மீன்களை எல்லாம் எடுத்துக்கொள்வது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013 டிசம்பர் 19இல் அனுப்பிய கேயா விண்கலம் 2025 ஜனவரி வரை வானத்தை அளந்தது. 2022 ஜூனில் வந்த மூன்றாம் தரவுத் தொகுதியில் ஏறத்தாழ 180 கோடி பொருள்கள். தூரம் இங்கே நேராகக் கிடைக்கிறது: பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் பெயர்வதுபோல் தெரிகிற கோணம், அதாவது இடமாறு தோற்றம். வண்டியில் போகும்போது கிட்டத்துச் சவுக்கு மரம் ஓடுவதும் தூரத்து மலை நிற்பதும்போல. 25 பார்செக்கில் உள்ள விண்மீனுக்கு அந்தக் கோணம் 40 மில்லி வில்விநாடி (வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு). கேயாவின் பிழை அதில் நூறில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவு.

கணக்கும் ஒரு வரிதான். தோற்ற ஒளிப்பருமனோடு 5 கூட்டி, வில்விநாடியில் எழுதிய இடமாறு தோற்றத்தின் மடக்கையை 5ஆல் பெருக்கி அதையும் கூட்டினால் தனி ஒளிப்பருமன். புரொக்சிமாவுக்குப் போட்டுப் பாருங்கள்: தோற்ற ஒளிப்பருமன் 11.13, இடமாறு தோற்றம் 0.768, மடக்கை −0.1146. விடை 15.56. மடக்கைப் புத்தகத்தோடே பிள்ளைகள் செய்வார்கள். எக்செலில் ஒரு நிரலை இழுத்துவிட்டால் முடிந்தது.

தவறவிட்டதைப் பார்ப்போம். கேயா ஏறத்தாழ 20.7ஆம் பருமன் வரை பார்த்தது. 25 பார்செக்கில் அது 18.7 தனி ஒளிப்பருமனுக்குச் சமம். விண்மீன்களிலேயே மிக மங்கலான செங்குறளிகளும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே 25 பார்செக் கோளத்துக்குள் மங்கலானது என்பதால் எதுவும் விடுபடாது. நிறை கொடுக்கவேண்டிய தேவையே இல்லை, எண்ணினால் போதும். மேட்டில் நின்ற பிள்ளையின் இருபது பல்பும் கணக்கில் ஏறும் ஒரே வழி இதுதான்.

விடுபடுவது மறுபக்கத்தில். 3ஆம் பருமனைவிடப் பிரகாசமான விண்மீன்கள் கேயாவின் கண்ணுக்கு மிகை வெளிச்சம். பலவற்றுக்கு அளவீடு இல்லை, அல்லது நம்பும்படி இல்லை. வானத்தில் முதலில் கண்ணில் படுபவைதான் பட்டியலில் இல்லாதவை! ஆனால் இந்த ஓட்டையை அடைக்க முடியும். அவற்றின் பெயர்கள் ஊருக்கே தெரியும். பழைய ஹிப்பார்கோஸ் பட்டியலிலிருந்து கையால் எடுத்துச் சேர்க்கலாம். இன்னொரு குறை, நெருங்கிய இரட்டை விண்மீன்கள் ஒன்றாகப் பதிவாவது. அதை எங்களால் திருத்த முடியாது. அறிக்கையில் எழுதி வைப்போம்.

செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கேயாவின் மூலத் தொகுதியில் போய் 40க்கு மேற்பட்ட இடமாறு தோற்றம் என்று கேட்டால், நெரிசலான பகுதிகளிலிருந்து போலி அளவீடுகளும் சேர்ந்து வரும். அவற்றைச் சலித்து நீக்கி, 100 பார்செக்குக்குள் 3,31,312 பொருள்களோடு 2021இல் வெளியான அயல் விண்மீன் பட்டியலையே எடுங்கள். 100 பார்செக் கோளத்தின் கனவளவு ஏறத்தாழ 42 இலட்சம் கன பார்செக். வகுத்துப் பார்த்தால் ஒரு கன பார்செக்குக்கு 0.08 அளவில் வருகிறது. அதன்படி 25 பார்செக்குக்குள் ஏறத்தாழ 5,000. வேண்டிய நான்கைந்து நிரல்களை மட்டும் எடுத்தால் கோப்பு ஒரு வாட்ஸப் படத்தின் அளவுதான். கைப்பேசி டேட்டாவிலேயே இறக்கிவிடலாம். 25 பார்செக்குக்குள் பிரகாசமான விண்மீன்கள் மிகச் சில என்பதால் அந்தப் பெட்டிகளில் எண்ணிக்கைப் பிழை பெரிதாக இருக்கும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் 100 பார்செக் வரை போகலாம்.

வரையத்தில் என்ன தெரியும்? 10க்கும் 11க்கும் இடையில் உச்சம். அதாவது நம் அயலில் மிக அதிகமாக உள்ள விண்மீன், சூரியனைவிட ஏறத்தாழ 200 மடங்கு மங்கல். சூரியன் ஒரு சாதாரண விண்மீன் என்று படித்துவந்த பிள்ளைகள், அது பெரும்பாலானவற்றைவிடப் பிரகாசமானது என்பதைத் தாங்களே எண்ணிக் காண்பார்கள். அதே கோப்பில் வெண்குறளிகளை நிறத்தை வைத்துத் தனியாகப் பிரிக்கலாம். அணைந்த அடுப்பில் கிடக்கும் தணல்போல் வெறுமனே ஆறிக்கொண்டிருப்பவை அவை. ஆற ஆற மங்கும். ஆனால் ஓர் எல்லைக்குக் கீழே எண்ணிக்கை திடீரென்று விழுந்துவிடும், ஏனென்றால் அதற்குமேல் ஆறுவதற்கு நமது பால்வழித் தட்டுக்கு இன்னும் வயது போதாது. 1987இல் அந்த விழுகையை வைத்தே தட்டின் வயதை ஏறத்தாழ 930 கோடி ஆண்டுகள், கூடக்குறைய 200 கோடி என்று கணித்தார்கள். அடுப்பைத் தொட்டுப் பார்த்து எப்போது சமைத்தார்கள் என்று சொல்வதைப்போல ஒரு வேலையை, இலவசக் கோப்பு ஒன்றை வைத்துப் பதினேழு வயதுப் பிள்ளை செய்யலாம்.

இந்த வழியில் எனக்கு உறுத்துவது ஒன்றே. பிள்ளைகள் வானத்தையே பார்க்காமல் ஆய்வை முடித்துவிடலாம். கணினி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் வானியலுக்கு எங்கள் மலை எதற்கு? மொழிச் சிரமமும் உண்டு. நிரல் பெயர்கள் எல்லாம் ஆங்கிலம். அதற்கு ஒரு தமிழ்த் தாள் எழுதி அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், பிள்ளைகள் இரண்டு வாரத்தில் பழகிவிட்டார்கள். முதல் உறுத்தலுக்குத்தான் நாள் பிடித்தது.

எங்கள் முடிவு

25 பார்செக் கோளம் முதல் வேலை. அதற்கு அருகில், வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் யேல் பட்டியலை எடுத்து, அதில் உள்ள 9,110 பதிவுகளில் தூரம் தெரிந்தவற்றுக்கு இன்னொரு வரையம். நிறை கொடுக்காமல் ஒருமுறை, உச்சக் கனவளவு முறையில் நிறை கொடுத்து ஒருமுறை. நிறை கொடுத்தபின் அந்த வளைகோடு, குறைந்தது அதன் பிரகாசமான பாதியிலாவது, அயல் விண்மீன் வளைகோட்டை நோக்கி நகர வேண்டும். நகராவிட்டால் எங்கே பிழை என்று தேடுவதே பாடம்.

கார்த்திகையை விடவில்லை. தை, மாசியில் மீண்டும் படம் எடுப்போம், இம்முறை லென்சைச் சுற்றிக் கட்ட வெந்நீர்ப் போத்தலோடு. ஆனால் எண்ணும் முறை வேறு. கொத்தின் உறுப்பினர் யார் என்பதைக் கேயா இடமாறு தோற்றத்தாலும் விண்மீன்கள் சேர்ந்து நகரும் திசையாலும் பிரித்துத் தருகிறது. அந்த உறுப்பினர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, 7ஆம் பருமனில் எத்தனைக்கு எத்தனை எங்கள் படத்தில் விழுந்தன, 8இல் எத்தனை, 9இல் எத்தனை, 10இல் எத்தனை என்று விகிதம் எடுக்கலாம். சென்ற வருடம் எங்களிடம் இல்லாதது அந்த விகிதம்தான். இரவல் கமராவும் 6 செக்கனும் எவ்வளவைத் தவறவிடுகின்றன என்று அளந்துவிட்டால், அந்தப் படம் நம்பக்கூடிய அளவீடாகிவிடும்.

ஊவாப் பக்கத்து நண்பர்களுக்கு நாள்காட்டி வேறு. எங்களுக்கு ஆடி, ஆவணியில் மழை. பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் அப்போது வானம் திறந்திருக்கும். அவர்கள் கார்த்திகைக்குப் பதிலாக விருச்சிகத்தின் வாலருகே உள்ள ஏழாம் மெசியே கொத்தை எடுக்கலாம். ஏறத்தாழ 280 பார்செக். அது பால்வழியின் நடுப்பகுதிக்கு எதிரே இருப்பதால் அந்நிய விண்மீன்கள் குவிந்து கிடக்கும். உறுப்பினர் பட்டியல் இல்லாமல் தொடவே வேண்டாம். கச்சான் காற்றுக்கு முக்காலியின் காலில் மண்மூட்டை கட்டுவது நல்லது. ஒமேகா சென்டாரி கோளக் கொத்தைப் பலர் ஆசையோடு கேட்பார்கள். நம் அகலாங்கிலிருந்து தெற்கே 35 பாகை உயரம் வரை ஏறி, கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் அதன் விண்மீன்களைத் தனித்தனியே பிரித்து எண்ண நம் கையிலுள்ள லென்சால் முடியாது.

அடுத்த போயாவுக்குக் கணினி அறைச் சாவி கேட்டாயிற்று. 25 பார்செக் கோப்பு ஏற்கெனவே பென்டிரைவில் இருக்கிறது. பருமன் பெட்டிகளைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டபோது, 10இலிருந்து 16 வரை தனக்கு வேண்டும் என்று எதிர்மலைப் பிள்ளை முதலே கேட்டு வாங்கிக்கொண்டாள்.